பதினொன்று நாற்பதுக்கு நின்ற பெட்டி

இல்லை அக்கா, ஒன்றுமில்லை, தூங்கத்தான் தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். ஆட்காட்டி விரலை மூக்குக்குக் கீழே இப்படி வைத்தால் சூடாக வந்து படும். வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம், நானே வைத்துக்கொள்கிறேன். கை வலிக்கத்தான் செய்கிறது. ஐந்து மாதமாக வலிக்கிறது.

உங்களிடம் பேனா இருக்குமா? ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை, கான்வென்ட்டில் படித்தவள். இவன் பிறந்ததிலிருந்துதான் இப்படி. மிக்க நன்றி. இறங்கும்போது மறக்காமல் திருப்பித் தந்துவிடுவேன்.

குண்டடம் வந்தால் சொல்கிறீர்களா? நீங்கள் தாராபுரம் வரைக்குமா, நல்லதாகப் போயிற்று. குண்டடத்தில் துளசிமணி என்று ஒரு பெண் இருக்கிறாள், நர்ஸ். கோயமுத்தூரில் இவனைப் பார்த்துக்கொண்டவள். அவளுக்கு ஒரு புடவை, அரைக் கிலோ மைசூர்பாகு, அப்புறம் இந்தக் கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

என்ன கடிதம் என்றால், அது பெரிய கதை. பல்லடம்கூட இன்னும் வரவில்லையே, சொல்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கம்ப்யூட்டருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், கெர்னல் என்போம். மற்றதெல்லாம் அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது விழுந்தால் எல்லாம் விழுந்தது. அதில் வயர் வழியாக வருகிற செய்தியை வாங்கி உள்ளே சேர்க்கிற பகுதி ஒன்று உண்டு, அதுதான் என் பகுதி. ஆறு வருஷம். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி செய்து கொடுக்கிறது, இட்லித் தட்டு அளவுதான் இருக்கும். வார்டில் ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு சின்ன மானிட்டர் இருக்கிறதல்லவா, அந்த இதயத் துடிப்பு, ஆக்சிஜன் எண்களையெல்லாம் வாங்கி ஒரே பெரிய திரையில் காட்டுவது அந்தப் பெட்டிதான். எந்த எண்ணாவது இறங்கினால் கத்துவதும் அதுதான். குழந்தைகளின் காது பிஞ்சுக் காது, அதனால் தொட்டில் பக்கத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். பெரிய திரைதான் கத்தும். அதை நம்பித்தான் ஒரு வார்டே நடக்கும்.

இவன் முப்பத்தொரு வாரத்தில் பிறந்துவிட்டான். ஒரு கிலோ முந்நூறு. முப்பத்தெட்டு நாள் பதினொன்றாம் தொட்டில். அங்கே எனக்குப் பெயரே கிடையாது, ‘பதினொண்ணு அம்மா’தான். ஜெசிந்தா என்று கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாமல் போயிற்று.

முதல் நாள் உள்ளே போனவுடன் நான் இவனைப் பார்க்கவில்லை அக்கா. திரைக்குக் கீழே பார்த்தேன். எங்கள் பெட்டி. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. நம் வீட்டுப் பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பார்த்த மாதிரி.

ஆறாவது நாள் அது நின்றது. பதினொரு மணிக்குப் பார்வையாளர் நேரம், வெளியே கூடத்தில் ஒரே கூட்டம். எண்கள் அப்படியே உறைந்து நின்றன, அப்புறம் திரை கறுத்துவிட்டது. துளசிமணி கையிலிருந்த பால் சிரிஞ்சை வைத்துவிட்டு, ஒவ்வொரு தொட்டிலாகப் போய், குனிந்து முகத்தைப் பார்த்து, “ஒண்ணு சரி, ரெண்டு சரி” என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ஓடவில்லை, நடந்தாள். பதினொன்றில் என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, நீங்க மூச்சு விடறீங்களா மொதல்ல?” என்றாள். “இது இப்படித்தானுங். மாசத்துக்கு மூணு தடவை மயக்கம் போட்டு உழும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா எந்திரிச்சுக்கும். தீபாவளி கழிஞ்சு ரெண்டு பசங்க வந்து என்னமோ புதுசா ஏத்திட்டுப் போனாங்க, அதுல இருந்துதான். டப்பாவைப் பாக்காதீங்க, பையனைப் பாருங்க.”

தீபாவளி கழிந்து ஏற்றியது என்ன என்று எனக்குத் தெரியும். ஏழாம் மாத வயிற்றோடு உட்கார்ந்து நான் எழுதியதுதான்.

பால் எடுக்கும் அறையில் உட்கார்ந்து, மனசுக்குள்ளேயே அந்தப் பக்கத்தை வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அகப்பட்டது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நான் இருந்த ஹாஸ்டலில் பிள்ளைகளுக்கு அலமாரி உண்டு, ஆளுக்கு ஒன்று. ஒருத்தி காலி செய்தால் வார்டன் நோட்டில் ‘ஏழாம் அலமாரி காலி’ என்று எழுதிவிட்டு அடுத்தவளுக்குக் கொடுப்பார்கள். சரியா? இப்போது ஏழாம் அலமாரி காலி என்று தப்பாக இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். அதே அலமாரியை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். இவளுடைய ஊறுகாய் பாட்டில் அவளுடைய வெள்ளை யூனிஃபார்ம் மேல் கொட்டும். கம்ப்யூட்டருக்குள்ளும் அலமாரிதான். செய்தி துண்டு துண்டாக வரும், எல்லாத் துண்டும் சேரும் வரை ஓர் அலமாரியில் போட்டு வைக்க வேண்டும். துண்டுகள் தாறுமாறாக வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அலமாரியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறு ஒருத்தர் எழுதிய பகுதி அதை ஏற்கனவே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அது தெரியாமல் நானும் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் மதர் தினமும் சொல்வதே அதுதான். எடுத்ததைத் திருப்பி வை. வைத்தாயா என்று பார். பார்த்தாயா என்று இன்னொரு தடவை பார். சாக்பீஸ் துண்டுக்குக்கூட. அப்படி வளர்ந்தவள் நான். திருப்பிக் கொடுக்காமல் விட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

ஆனால் அக்கா, தப்பு யாருடையது? எங்கள் வேலையில் ஒருத்தர் எழுதினால் இன்னொருத்தர் வரிவரியாகப் படித்துச் ‘சரி’ போட வேண்டும். எனக்கு மேலதிகாரியான திவாகர்தான் படிக்க வேண்டியவன். எத்தனை நேரத்தில் படித்தான் தெரியுமா? நான்கு நிமிடம். நேரம் பதிவாகியிருக்கிறது. அறுபது வரியை, ஏழு மாத வயிற்றோடு எழுதியதை, நான்கு நிமிடத்தில் படித்துச் ‘சரி’ போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

நான் வார்டு வாசலிலிருந்தே அவனைக் கூப்பிட்டேன்.

“ஜெஸி, நீ லீவ்ல இருக்க. குழந்தையைப் பாரு” என்றான்.

“குழந்தையைத்தான் பாக்கறேன். குழந்தை நம்ம பெட்டிக்குக் கீழதான் படுத்திருக்கு.”

“மத்த எந்த ஆஸ்பத்திரியில இருந்தும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வரல. ஆன் பண்ணினா வந்துடுதுல்ல? சரி, அது விழும்போது எழுதற பதிவு வேணும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா அது அழிஞ்சுடும். ஆதாரம் இல்லாம நடுவுல திருத்தம் ஏத்தணும்னு கேட்டா என்னைத்தான் திட்டுவாங்க. ஏப்ரல்ல வழக்கமான ரிலீஸ் இருக்கு, அதுல எடுத்துடலாம்.”

ஏப்ரல். அப்போது டிசம்பர்.

பெட்டி நிற்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. நிற்பதற்கு முன்னால் அரை நிமிடம் எந்த எண்ணை எங்கே வேண்டுமானாலும் காட்டும். ஒன்பதின் மூச்சு பதினான்கில் ஓடும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. வெளியே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக இலவச வைஃபை கொடுத்திருந்தார்களே, அதுவும் வார்டும் ஒரே வயரில். கூட்ட நேரத்தில் துண்டுகள் தாறுமாறாவது அதனால்தான். விஷயம் தெரிந்த ஒருத்தன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டுமென்றே துண்டுகளைத் தாறுமாறாக அனுப்பி, அடுத்தவர் அலமாரிக்குள் தன் சாமானை வைக்கலாம். பெட்டி அவன் சொன்னபடி ஆடும். யாருக்கு அந்த விஷயம் தெரியும் என்கிறீர்களா? அப்போதைக்கு எனக்கு ஒருத்திக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம்தான். என் வீட்டுக்காரர் ஃபெலிக்ஸும் அதைத்தான் சொன்னார். அவருக்கென்ன, சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். நான் அங்கேயே கிடக்கிறவள். இந்தப் பெட்டியில் தப்பு இருக்கிறது, எழுதியதே நான்தான் என்று சொன்ன பிறகு, அந்த நர்ஸ்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள்? என் பிள்ளை அவர்கள் கையில் அல்லவா இருந்தான்.

அதனால் நானே ஆதாரம் எடுத்தேன்.

பயப்படாதீர்கள், நன்றாக யோசித்துத்தான் செய்தேன். இருபத்திரண்டாம் நாள். தினமும் பதினொன்றரைக்கு இவனைத் தொட்டிலிலிருந்து எடுத்து என் நெஞ்சின்மேல் ஒரு மணி நேரம் போடுவார்கள், தோலோடு தோலாக, கங்காரு மாதிரி. அந்த நேரத்தில் இவனுக்குத் திரை தேவையில்லை. என் மேலேயே கிடக்கிறான், மூச்சு எனக்கே தெரியும். மடிக்கணினியைப் பையில் போட்டுக் கூடத்தில் ஃபெலிக்ஸின் அம்மா பக்கத்தில் வைத்துவிட்டேன். உள்ளே சின்னதாக ஒரு நிரல், சரியாகப் பதினொன்று நாற்பதுக்குத் துண்டுகளைத் தாறுமாறாக அனுப்பும், பெட்டி விழும்போது எழுதுகிற பதிவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அத்தை அந்தப் பையின்மேல் கையை வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இவன் என் நெஞ்சில். பார்த்தீர்களா, இவனுக்கு ஆபத்தே கிடையாது.

மற்றதுகளா? பதினெட்டு இருந்தன.

நாற்பதுக்கு எண்கள் உறைந்தன. அப்புறம் இடம் மாறின, நான் சொன்ன மாதிரியே. அப்புறம் கறுப்பு. ஒரு நிமிடம் ஐம்பது நொடி. துளசிமணி வழக்கம்போலக் கிளம்பினாள், ஒண்ணு சரி, ரெண்டு சரி. ஒன்பதில் நின்றுவிட்டாள். ஒன்பதில் ஒரு பெண் குழந்தை, ஒரு கிலோகூட இல்லை. அந்த மாதிரிக் குழந்தைகள் சில சமயம் மூச்சு விட மறந்துவிடும் அக்கா. மறந்து கிடந்தது. துளசி அதன் உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள். நான் நாற்காலியில் இவனை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியாது, குழாயெல்லாம் மாட்டியிருக்கும். மூன்றாவது தடவை அது அழுதது. பூனைக்குட்டி மாதிரி. துளசி பத்துக்குப் போனாள். “பத்து சரி.” என்னிடம் வந்தாள். “பதினொண்ணு சரி.” அவள் மேல் உதடெல்லாம் வேர்வை.

நான் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்தேன். திரை நின்றதால்தானே அவள் எழுந்து போனாள்? போனதால்தானே ஒன்பதைப் பார்த்தாள்? அப்படிப் பார்த்தால் நல்லதுதான் நடந்திருக்கிறது. திரை ஓடியிருந்தால் கத்தியிருக்கும் என்கிறீர்கள். கத்தியிருக்கும். ஆமாம். அதையும் யோசித்தேன்.

அந்தப் பதிவைக் கம்பெனிக்கு அனுப்பினேன். அதன் பிறகு திவாகருக்கு ஏப்ரல் தேவைப்படவில்லை, மூன்றே நாளில் திருத்தம். என்ன திருத்தம்? ஒரு வரியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு ‘வழக்கமான மேம்பாடு’ என்று சொல்லி ஏற்றினார்கள். மேலிடத்திலிருந்து திவாகருக்குப் பாராட்டு. கடைசி வரியில் எனக்கும் நன்றி இருந்தது.

பல்லடமா இது? கூட்டம் ஏறுகிறது, நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள். இல்லை, இவனை நானே வைத்துக்கொள்கிறேன். பரவாயில்லை.

ஒன்பது அம்மா கேன்டீனிலிருந்து வந்து விஷயம் தெரிந்து அழுதிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். கேமராவைப் பார்த்தார்கள். பெட்டி நிற்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் துளசிமணி பெட்டியின் பிளக் பக்கம் குனிந்தது அதில் இருந்தது. பால் சூடு பண்ணுகிற மிஷினைச் சொருகினாள், வேறொன்றும் இல்லை. எழுத்துமூலமாக விளக்கம் கொடு, இங்கிலீஷில் கொடு என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் என்னிடம்தான் வந்தாள்.

“நீங்க கான்வென்ட்டுல படிச்சவங்க. எனக்கு மருந்துப் பேருக்கு மேல இங்கிலீஷ் வராதுங்க்கா. ஒரு லெட்டர் எழுதித் தர்றீங்களா?”

பதினைந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. எங்கள் பள்ளியில் கடிதம் எழுத ஒரு முறை உண்டு. யாருக்கு எழுதினாலும் முதல் பத்தியில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். லேட்டாக வந்தாலும், மழை பெய்து பஸ் வராவிட்டாலும், வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் காரணம். அது மரியாதை. அப்படித்தான் எழுதினேன். ‘என் கவனக்குறைவால் ஏற்பட்டிருக்கக்கூடிய இடையூறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இவ்வாறு நேராது.’ அதற்குப் பிறகு பால் மிஷினைப் பற்றி, அவள் தொட்டில் தொட்டிலாகப் பார்த்ததைப் பற்றி, எல்லாம் விவரமாக. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, “எவ்வளவு அழகா எழுதறீங்க” என்றாள்.

அவர்கள் முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது. அவளே ஒத்துக்கொண்டாளே என்றார்களாம். ஒரே வாரத்தில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குத் தெரியாது அக்கா. இவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மூன்றாம் மாதச் சோதனைக்குப் போனபோதுதான் புது நர்ஸ் சொன்னாள். நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் பேசினாள். “பதினொண்ணு எத்தனை கிலோ?” என்று கேட்டாள். இப்போது என்ன செய்கிறாய் என்றேன். மருந்துக்கடையில் நிற்கிறாளாம். தாராபுரத்தில் ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்களாம், இவள்தான் போகவில்லை. ஏன் என்றேன்.

“பயமா இருக்குதுங்க்கா. அன்னிக்கு என் கைதான் பட்டிருக்கோணும். மொதல்ல இல்லைன்னுதான் நெனச்சேன். யோசிக்க யோசிக்க, அந்த வயரு என் முழங்கையில உரசின மாதிரியே இருக்குது. இப்ப நல்லாவே தெரியுது. லெட்டர்லயும் அப்படித்தானே எழுதியிருந்துச்சு.”

அவள் முழங்கையில் ஒன்றும் உரசவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பது எப்போது ஆகும் என்று தெரியும்.

போனை வைத்த பிறகு இரண்டு மாதம் ஆயிற்று இந்தக் கடிதம் எழுத. நான்கு பக்கம், இங்கிலீஷில். இவன் தூங்குகிற நேரத்தில்தான் எழுத முடியும், இவன் தூங்கினால் நான் மூச்சைப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டியிருந்தது. வேலை போகும். ஆஸ்பத்திரியில் போலீஸுக்குப் போனாலும் போவார்கள். திவாகருக்கு ஒன்றும் ஆகாது, நான்கு நிமிடக்காரன். நான் உள்ளே போனால் இவன் மூச்சை யார் பார்ப்பது?

என்ன கேட்டீர்கள்? தமிழில் சொல்லவா? சொல்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், மூன்று தடவை திருத்தினேன். ‘மேற்படி தேதியில், முற்பகல் பதினொன்று நாற்பது மணிக்கு, சம்பந்தப்பட்ட கருவி முன்னறிவிப்பற்ற ஒரு சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. அதன் விளைவாகவே திரை நின்றது. பணியிலிருந்த செவிலியருக்கு இதில் பங்கில்லை என்று தெரியவருகிறது.’ எப்படி இருக்கிறது?

யார் உட்படுத்தியது என்றா கேட்கிறீர்கள்?

இருக்கும் அக்கா. நான்கு பக்கம் இருக்கிறதே. கொஞ்சம் பொறுங்கள். முதல் பக்கம் பெட்டியைப் பற்றி. இரண்டாவது அந்த அலமாரி விஷயம். மூன்றாவது முழுக்கத் திவாகர். நான்காவதில் இருக்கும், நான்காவதில் வருத்தம் தெரிவித்திருக்கிறேன். ‘ஏற்பட்ட இடையூறுக்கு.’ அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம்.

இல்லை அக்கா. எங்கேயும் இல்லை.

இரண்டு மாதம் எழுதினேன்.

அந்தக் காற்றாடியெல்லாம் எந்த ஊர்? குண்டடம் வந்துவிட்டதா? அதற்குள்ளேயா. கண்டக்டர் அண்ணா, இறக்கம் இருக்கிறது, கைக்குழந்தை, ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அக்கா, இவனைப் பிடியுங்கள். ஆமாம், நீங்கள்தான். எழுத இரண்டு கையும் வேண்டும். தலைக்குக் கீழே கை கொடுங்கள். மூக்கில் விரல் வைக்க வேண்டாம், முழித்துக்கொள்வான். முகத்தைப் பாருங்கள், போதும். அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

தமிழிலேயே எழுதிவிடுகிறேன், அவள் படிக்க வேண்டுமே. கோணலாக வந்தாலும் பரவாயில்லை. ‘துளசி, அன்று பெட்டியை நிறுத்தியது நான். உன் கை எதிலும் படவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.’ அவ்வளவுதான். ஜெசிந்தா. பதினொன்று அம்மா என்றும் போட்டுவிடுகிறேன்.

வருகிறேன் அண்ணா, வருகிறேன்.

கொடுங்கள் அக்கா. நன்றாகத்தான் தூங்குகிறான். அந்தப் பையை மட்டும் எடுத்துத் தோளில் மாட்டிவிடுங்கள். பேனா… பேனாவை நானே வைத்துக்கொள்ளட்டுமா? ஆஸ்பத்திரிக்கும் இதே மாதிரி ஒன்று எழுத வேண்டும். அவளை எதிரில் உட்கார வைத்து எழுத வேண்டும்.